புகையை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள்

நம் இலக்கிய இதழ்களில் வெளிவரும் அயல்நாட்டுப் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். கட்டுரையாளர் ஐரோப்பாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போன இடத்தில் ஒருநாள் நீராவி ரயிலில் ஏறிவிட்டாரென்றால், அவர் எழுதப்போகும் மூன்று வாக்கியங்களை அவருக்கு முன்பே நாம் எழுதிவிடலாம். காலம் பின்னோக்கி ஓடியது என்பது முதலாவது. மனிதக் கை படாத இயற்கை இருபுறமும் விரிந்து கிடந்தது என்பது இரண்டாவது. கூவலொலி கேட்டதும் பால்யம் திரும்பி வந்தது என்பது மூன்றாவது. இம்மூன்றும் பொய் என்பதும், தெரியாமல் சொல்லும் பொய்யாக இருப்பினும் அதற்கு ஒரு விலை உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் வேல்ஸ் நாட்டுக்குப் போய் வந்து அப்படியொரு கட்டுரையை எழுதி நண்பர்களிடையே சுற்றுக்கு விட்டவன் நான். மூன்று வாக்கியங்களும் அதில் உண்டு, பாராட்டும் கிடைத்தது. பின்னர் ஒருமுறை அதே ரயிலில் மீண்டும் போக வாய்த்தது. அந்தக் கட்டுரையை இனி யாரிடமும் காட்ட முடியாது என்று அன்று மாலை விளங்கியது. ஆகவே இதை நான் பிறர் மீது தொடுக்கும் வழக்காக மட்டும் கொள்ள வேண்டாம்.

*

ஃபெஸ்டினியோக் ரயில் வடமேற்கு வேல்ஸில் ஓடுகிறது. போர்த்மாடோக் என்னும் சிறு துறைமுக ஊரிலிருந்து மலைமேல் உள்ள பிளைனை ஃபெஸ்டினியோக் வரை பதின்மூன்றரை மைல். ஏறிச்சேர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே முழுதாக ஈரடிகூட இல்லை, 597 மில்லிமீட்டர். பெட்டிக்குள் அமர்ந்தால் எதிரிலிருப்பவரின் முழங்கால் நம் முழங்காலைத் தொடும். இழுத்துச் செல்லும் எஞ்சின்களில் சில விசித்திரமானவை. முன்னொரு புகைபோக்கியும் பின்னொரு புகைபோக்கியுமாக, இரண்டு எஞ்சின்களை முதுகோடு முதுகு ஒட்டவைத்தாற்போல் இருக்கும். ஓட்டுநரும் கரி போடுபவரும் நடுவில், கொதிகலனுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நிற்பார்கள். கடலை அடைத்து 1811இல் கட்டி முடித்த ஏறத்தாழ ஒரு மைல் நீளக் கரையின் மேல் புறப்பட்டு, ஓக் மரக் காட்டுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து எழுநூறு அடி உயரம் ஏறுகிறது வண்டி. அழகானது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

காலம் பின்னோக்கி ஓடுகிறதென்றால், எந்த ஆண்டை நோக்கி ஓடுகிறது என்று கேட்டுப் பார்ப்போம். இந்தப் பாதை 1836இல் திறக்கப்பட்டபோது நீராவியே கிடையாது. மலையில் வெட்டிய சிலேட்டுக் கல்லை ஏற்றிய வண்டிகள் சரிவில் தம் எடையாலேயே துறைமுகம் வரை உருண்டு வந்தன. காலி வண்டிகளை மேலே இழுத்துப் போனவை குதிரைகள். இறங்கும்போது அக்குதிரைகள் தமக்கென இணைத்த பெட்டியில் நின்று பயணம் செய்தன. நீராவி எஞ்சின் வந்தது 1863இல். முறைப்படி பயணிகளை ஏற்றத் தொடங்கியது 1865இல். அதாவது முதல் 29 ஆண்டுகள் இது கல்லுக்கான ரயில். மனிதன் பின்னால் வந்து ஏறிக்கொண்டவன். இவ்வளவு குறுகிய பாதையில் இவ்வளவு சுமையை இழுக்க முடியும் என்பதை 1870இல் நடந்த சோதனை ஓட்டங்களில் ருஷ்யப் பேரரசின் குழு உட்படப் பலர் வந்து பார்த்தார்கள். 1881இல் டார்ஜிலிங்கை எட்டிய ஈரடி அகல மலைப்பாதைக்கு முன்னோடியும் இதுதான்.

பயணிகள் போக்குவரத்து 1939இல் நின்றது. 1946இல் சிலேட்டுப் போக்குவரத்தும் நின்று ரயில் செத்துப்போனது. பாதையைக் கைவிடுவதற்கான வழிவகை மூலச் சட்டத்தில் இல்லாததால் தண்டவாளங்கள் பெயர்க்கப்படாமல் புதருக்குள் கிடந்தன. 1954இல் ஆலன் பெக்லர் என்பவர் நிறுவனத்தைத் தம் பொறுப்பில் கொண்டுவந்தார். 1955இல் தன்னார்வத் தொண்டர்கள் கடற்கரைத் துண்டில் முதல் வண்டியை ஓட்டினார்கள். அதற்குள் மேல்முனைக்கு அருகே ஒரு நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கம் பழைய பாதையை விழுங்கியது. சோர்ந்துபோகாமல், மலையில் ஒரு சுருளாக ஏறித் தன்னையே கடந்து செல்லும் புதிய தடத்தை அமைத்தார்கள். அதில் பெரும்பகுதி மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் ஆனது. வெட்டியவர்கள் வார விடுமுறையில் வந்த ஆசிரியர்களும் எழுத்தர்களும் மாணவர்களும். 1982இல்தான் ரயில் மீண்டும் பிளைனையை அடைந்தது.

எஞ்சின்? இரட்டைத்தலை எஞ்சின்களில் ஒன்று 1879இல் செய்தது, உண்மை. ஆனால் ‘டேவிட் லாயிட் ஜார்ஜ்’ என்ற பெயர் தாங்கிய எஞ்சின் 1992இல் இந்த ரயிலின் சொந்தப் பட்டறையில் கட்டப்பட்டது. நான் முதல்முறை கண் கலங்கப் பார்த்து நின்று, நூற்றாண்டுகளின் சாட்சி என்று வர்ணித்தது இதைத்தான். அது என்னைவிட வயதில் இளையது.

காலம் பின்னோக்கி ஓடவில்லை. நம் கண்முன்னே சிலர் இன்றைக்கு உழைத்துக்கொண்டிருந்தார்கள். அதிகாலையில் எழுந்து உலை மூட்டியவரையும், கரிச்சாம்பல் வாரியவரையும், மழையில் நின்று கொடி காட்டியவரையும் ‘கடந்த காலம்’ என்று எழுதிவிட்டு வருவதில் ஒரு அவமரியாதை இருக்கிறது. அது அவர்களுடைய இன்றைய நாள்.

*

இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். மனிதக் கை படாத இயற்கை.

ரயில் செல்லும் பாதையோரங்களில் கோடைத் தொடக்கத்தில் ஊதாநிறப் பூக்கள் கொத்துக்கொத்தாக மலர்ந்திருக்கும். ரோடோடெண்ட்ரான். பிரபுக்கள் தம் தோட்டங்களுக்காக அயலிலிருந்து கொண்டுவந்து நட்டது. இன்று உள்ளூர்த் தாவரங்களை நெரித்துப் பரவுவதால் அதை வேரோடு அழிக்கப் போராடுகிறார்கள். நாம் படமெடுத்து வருகிறோம்.

இது சிறிய தவறு. பெரிய தவறு மேலே, பிளைனையில் இருக்கிறது. காடு முடிந்ததும் சாம்பல்நிற மலைகள் தென்படுகின்றன. மேகத்தின் கீழே ஈரத்தில் கருநீலமாக மின்னும் அவற்றைப் பாறை மலைகள் என்றே முதலில் எண்ணினேன். அவை கழிவு. ஒரு டன் நல்ல சிலேட்டு எடுக்கச் சுமார் பத்து டன் கல் வீணாகும். அந்தப் பத்து டன்னை ஒன்றரை நூற்றாண்டுக்காலம் ஊரின் தலைமேல் கொட்டியதில் எழுந்த மலைகள் அவை. வீடுகளின் கொல்லைப்புறத்தில் தொடங்கி வானம் வரை போகின்றன.

1951இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது எல்லை வரைந்தவர்கள் பிளைனையைச் சுற்றிக் கோடு போட்டு அதை மட்டும் வெளியே விட்டார்கள். நாற்புறமும் பூங்கா, நடுவில் ஓர் ஓட்டை. சிலேட்டுக் குவியல் கண்ணுக்கு அழகில்லை என்பது காரணம். எழுபது ஆண்டுகள் கழித்து, 2021இல், யுனெஸ்கோ வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பிளைனையின் சுரங்கங்களும் இந்த ரயில் பாதையும் அதில் அடக்கம். கற்குவியல் இடம்பெயரவில்லை. பார்க்கிறவர்களின் கண் மாறியது. ‘இயற்கை எழில்’ என்று நாம் எழுதும் சொல்லை யாரோ ஒரு மேசையில் வரைபடம் விரித்து வைத்துத் தீர்மானிக்கிறார்கள். பயணக் கட்டுரையாளர் அந்தத் தீர்மானத்தைத் தம் ரசனை என்று நம்பிக்கொள்கிறார்.

அந்தக் கல்லை வெட்டியவர்களைப் பற்றி ஒரு பத்தியேனும் நம் பயணக் கட்டுரைகளில் இருக்க வேண்டாமா?

பிளைனையில் கல் திறந்த பள்ளத்தில் கிடைக்கவில்லை. மலைக்குள் கோயில் மண்டபங்களைப் போன்ற அறைகளைக் குடைந்து எடுத்தார்கள். தொடையில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு பாறைச் சுவரில் தொங்கியபடி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் துளையிட்டார்கள். அந்த மெழுகுவத்திக்கும் வெடிமருந்துக்கும் காசு தொழிலாளியே கொடுக்க வேண்டும். கூலி நிலையானதன்று, மாதந்தோறும் மேற்பார்வையாளர் வந்து இந்தப் பாறைத்துண்டு இந்த விலை என்று பேரம் பேசி முடிப்பார். பாறை நன்றாக அமைந்தால் சோறு, அமையாவிட்டால் கடன். மேலே, கொட்டகைகளில் அமர்ந்தவர்கள் உளியால் கல்லை மெல்லிய ஏடுகளாகப் பிளந்து கூரைக்கான அளவில் நறுக்கினார்கள். அந்த அளவுகளுக்கு வைத்த பெயர்கள் கவனிக்கத்தக்கவை. 24 அங்குலத்துக்கு 12 என்றால் ‘கோமகள்’. 20க்கு 10 என்றால் ‘பிரபுவின் மனைவி’. 16க்கு 8 என்றால் ‘சீமாட்டி’. நாளெல்லாம் தூசியை விழுங்கிக்கொண்டு சீமாட்டிகளை அடுக்கி ரயிலேற்றினார்கள்.

தூசி நுரையீரலில் படிந்தது. 1890களில் நடந்த அரசு விசாரணையில், இவர்களுடைய உடல்நலக் கேட்டுக்கு இவர்கள் கொதிக்கவைத்துக் குடிக்கும் தேநீரும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வேலை கொடுத்த நிறுவனங்கள் மூடப்பட்டுவிட்டதால் இழப்பீடு கேட்க ஆளில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முதியவர்களுக்காக ஒரு சட்டம் வந்தது 1979இல். சுருள் தடம் அமைத்து முடித்த தொண்டர்கள் பிளைனையை நோக்கித் தண்டவாளம் பதித்துக்கொண்டிருந்த அதே காலம் அது. ரயில் உயிர்பெற்று வந்துகொண்டிருந்த ஊரில் அந்த ரயிலுக்குச் சுமை தந்தவர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

*

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை ஒன்று இருக்க வேண்டும். சிலேட்டுச் சுரங்கங்களில் மதிய உணவுக்கென ஒரு குடில் இருந்தது, ‘கபான்’ என்பார்கள். உணவு நேரத்தில் அங்கே அரசியல் விவாதம் நடந்தது, பாட்டு நடந்தது, கவிதைப் போட்டி நடந்தது. எங்லின் என்ற யாப்பு வெல்ஷ் மொழியில் உண்டு. நான்கு அடி, முப்பது அசை, மெய்யெழுத்துகள் ஒன்றுக்கொன்று எதிரொலிக்க வேண்டும். நம் வெண்பாவைப் போல இலக்கணக் கட்டு மிகுந்தது. அதைக் கல்லுடைக்கிறவர்கள் இயற்றினார்கள், பிழை திருத்தினார்கள், வாதிட்டார்கள். ஆங்கிலமே அதிகாரத்தின் மொழியாக இருந்த காலத்தில் அவர்கள் தம் மொழியின் யாப்பைத் தேநீர்க் குவளைக்கும் ரொட்டித் துண்டுக்கும் நடுவே காப்பாற்றி வைத்தார்கள். மொழிப்பற்றைப் பற்றி ஓயாமல் எழுதும் நாம், அந்த ஊர் வரை போய், ஸ்கோன் ரொட்டியின் சுவையை இரண்டு பத்தி எழுதிவிட்டுத் திரும்பியிருக்கிறோம். நானும்தான்.

அங்கிருந்து எழுந்த இலக்கியமும் இருக்கிறது. சிலேட்டுத் தொழிலாளியின் மகளான கேட் ராபர்ட்ஸ் 1936இல் வெளியிட்ட ‘தளையிட்ட பாதங்கள்’ என்று பொருள்படும் நாவல், ஒரு சிலேட்டுக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கடனோடு நடத்தும் போராட்டத்தைச் சொல்கிறது. பிளைனைக்கு வடக்கே, வேறொரு பள்ளத்தாக்கில் உள்ள பெத்தெஸ்டா ஊரில் 1900 முதல் 1903 வரை நீடித்த கதவடைப்பை டி. ரோலண்ட் ஹியூஸ் 1946இல் நாவலாக்கினார். ‘இவ்வீட்டில் துரோகி இல்லை’ என்று எழுதிய அட்டைகளை மக்கள் தம் சன்னல்களில் வைத்த காலம் அது. அதே பெத்தெஸ்டாவில் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையைச் சுரங்க விபத்தில் இழந்த கராடோக் பிரிச்சர்ட் 1961இல் எழுதிய நாவல், ஆங்கிலத்தில் ‘ஒரு நிலவொளி இரவு’ என்ற பெயரில் கிடைக்கிறது. பயணத்துக்கு முன் இவற்றில் ஒன்றை வாசித்திருந்தால் என் முதல் கட்டுரை அந்த லட்சணத்தில் இருந்திருக்காது.

*

மூன்றாவது வாக்கியம், பால்யம். இதில்தான் நண்பர்கள் என்மேல் கோபம் கொள்ளக்கூடும்.

நம் தலைமுறையின் நீராவி ஏக்கத்தில் பாதி திரையரங்கில் கிடைத்தது. ‘மூன்றாம் பிறை’யின் (1982) இறுதிக் காட்சி நீலகிரி மலைப்பாதையின் கேத்தி நிலையத்தில் எடுக்கப்பட்டது, அந்தப் புகையும் மழையும் சேர்ந்து நமக்குள் ஏதோ செய்துவிட்டன. மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டில் வேறொரு நீராவி இருந்தது. என் பெரியப்பா மீட்டர்கேஜ் வண்டிகளில் ஃபயர்மேன். அவருடைய சட்டைகளை மற்ற துணிகளோடு ஊறவைக்க மாட்டார் பெரியம்மா. கண்ணோரத்துக் கரி ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலிலும் போகாது. வலது முன்கையில் முடி முளைக்காத பகுதி ஒன்று இருந்தது. டீசல் வண்டிக்கு மாற்றலான அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். “கூ சத்தம் இனிமே இல்லையா பெரியப்பா?” என்று நான் கேட்டதற்கு அவர், “ஒனக்குக் கூ சத்தம்டா. எனக்கு முதுகு” என்றார். என் முதல் கட்டுரையில் அந்தக் கூவல் வந்தது. பெரியப்பா வரவில்லை.

பால்யம் திரும்பி வந்தது என்று எழுதும்போது, யாருடைய பால்யம், யாருடைய முதுகின் மேல் என்பதையும் எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை.

*

எதிர்வாதங்கள் வரும். ஒருநாள் ஓய்வுக்குப் போகிறவன் தலையில் தொழிலாளர் வரலாற்றை ஏன் ஏற்ற வேண்டும் என்பது ஒன்று. பயணி ரசித்துவிட்டு வரட்டும். அவனோடு எனக்கு வழக்கில்லை. எழுத உட்கார்ந்தவனோடுதான் வழக்கு. எழுத்தாளன் என்ற பெயரில் பத்துப் பக்கம் எழுதுகிறவனுக்கு, தன் காலடியில் ஓடும் பாதை எதற்காகப் போடப்பட்டது என்று கேட்கும் கடமை உண்டு.

இந்தப் பயணிகளால்தானே அந்த ஊர்களுக்கு வருமானம் என்பது இரண்டாவது. ஆம். சிலேட்டு நலிந்த மலையில் ரயில் வேலையும் வருகையும் தருகிறது. ரயிலை நடத்துபவர்களைவிடப் பொறுப்பாக அதன் வரலாற்றைச் சொல்பவர்களை நான் கண்டதில்லை, கேட்டால் சொல்கிறார்கள். நாம் கேட்பதில்லை.

மூன்றாவது வாதமே வலுவானது: அந்தத் தொண்டர்களும் ஏக்கத்தால் உந்தப்பட்டவர்கள்தானே, ஏக்கமில்லாமல் புதருக்குள் கிடந்த தண்டவாளத்தை யார் மீட்டிருப்பார்கள்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அவர்களுடைய ஏக்கம் மண்வெட்டியைத் தேடிப் போனது. கரி எங்கிருந்து வரும் என்ற கவலை அவர்களுக்கு உண்டு. பாரம்பரிய ரயில்களுக்கு நிலக்கரி தந்துவந்த தென்வேல்ஸின் பெரிய திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டபின், நிலக்கரியால் பெயர்பெற்ற நாட்டின் நீராவி ரயில்கள் கடல்கடந்து வரும் கரியை நம்பவேண்டியதாயிற்று. கொதிகலனின் ஆயுள், ஆணியின் விலை, அடுத்த தலைமுறைக்குச் சுத்தியல் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது என்று நேசத்தின் மறுபக்கத்தையும் சுமப்பவர்கள் அவர்கள். நம்முடைய ஏக்கம் படமெடுப்பதோடு முடிகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது சரியாகப் படவில்லை.

*

இரண்டாம் முறை போனபோது பிளைனையில் இறங்கியதும் திரும்பும் வண்டிக்காக நடைமேடையிலேயே நிற்கவில்லை. முதல்முறை அப்படித்தான் நின்றேன். எஞ்சினை மறுமுனையில் மாற்றி இணைப்பதைப் படமெடுத்துவிட்டு அதே வண்டியில் கீழே வந்துவிட்டேன். இம்முறை அடுத்த வண்டிக்குத் திரும்பலாம் என்று ஊருக்குள் நடந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. கூரை சிலேட்டு, வேலி சிலேட்டு, வாசற்படி சிலேட்டு. சிறுவயதில் எச்சில் தொட்டு அழித்து எழுதிய அந்தக் கருநிறம் ஊர் முழுக்க நனைந்து கிடந்தது. தெருவின் முடிவில் கழிவுமலை வீடுகளின் மேல் குனிந்து நின்றது. ஒரு முதியவர் கடையிலிருந்து வெளியே வந்து இன்னொருவரிடம் வெல்ஷ் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அந்த ஊரைப் பற்றி நான் எழுதியிருந்த பதினான்கு பக்கங்களிலும் ஊரார் ஒருவர்கூட வாய் திறந்து பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நீராவி ரயிலைப் பற்றி இனி எழுதப்போகும் நண்பர்களிடம் கேட்பதெல்லாம் இதுதான். ஏறுங்கள், ரசியுங்கள். கடைசி நிலையத்தில் இறங்கி, முதல் வண்டியைத் தவறவிட்டு, ஒரு மணி நேரம் ஊருக்குள் நடந்துவிட்டு வாருங்கள். அதன் பிறகும் அந்த மூன்று வாக்கியங்களை எழுதத் தோன்றினால் எழுதுங்கள்; விவாதிப்போம்.